முக்கால் தொன் வழிச்சீராக்கி

மிதக்கும் கலங்களுக்கு வளிச்சீராக்கி பொருத்த விரும்புவோர் முன்னனுமதி பெறவேண்டும் என்பது நாடறிந்த சட்டம். அறியாதவர்கள் படகு வைத்திருப்பவர்கள் மட்டுமே. வளிச்சீராக்கி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நாம் ஏ.சி. என்று சொல்வதற்கு அரசாங்கம் வைத்த தமிழ்ப் பெயர்.

வெள்ளவத்தைக் கால்வாயில் சின்னதொரு கேபின் படகு வைத்திருந்த பிரியந்தனுக்கும் அந்தச் சட்டம் தெரியாது. நாலு பேர் உள்ளே இருந்தால் எட்டு முழங்காலும் ஒன்றோடொன்று முட்டும் படகு. கலியாணத்துக்கு முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் சோடித்துப் படம் பிடிக்கும் பிரீ ஷூட் என்ற சடங்கு நம் சமூகத்தில் தாலிகட்டுக்கு அடுத்த இடத்தைப் பிடித்துவிட்டதால், படகுக்கு நல்ல ஓட்டம். ரொறன்ரோவிலிருந்து மணப்பெண் அருந்ததி வந்து இறங்கும்வரை.

ஒத்திகைக்காகக் கேபினுக்குள் அவள் இருந்தது ஆறே நிமிடம். வேர்வையில், மையால் தீட்டிய இடது புருவம் கன்னத்துக்கு வந்துவிட்டது.

"இருபதாம் திகதி ஷூட். அதுக்குள்ள ஏ.சி. போடுங்கோ. இல்லாட்டி நாங்கள் கொள்ளுப்பிட்டியில ஹோட்டல் பூலுக்குப் போறம்."

அவள் போனால் கலியாண வயதிலிருக்கும் பதினொரு மச்சாள்மாரும் பின்னால் போவார்கள். பிறகு படகைப் பேலியகொடை முதலாளி ஒருவருக்கு மீன் ஏற்ற விற்பதைத் தவிர வேறு வழியில்லை. அதை நினைத்தே பிரியந்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

என்னிடம் ஓடிவந்தான். நான் கொழும்புத் தெற்குத் தமிழ்ப் படிவ உரிமை மன்றத்தின் செயலாளர். "தமிழ்ப் படிவத்தைக் கேள்!" என்று முழங்கினேன். எட்டு வருடம் போராடிப் பெற்ற படிவம் அது. பெற்ற அன்று அதைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்று படமெடுத்துப் பத்திரிகையில் போட்டோம். வாசிக்க நேரம் கிடைக்கவில்லை.

மிதக்குங்கலங்கள் திணைக்களத்தில் அந்தப் படிவக் கட்டு பிரிக்கப்படாமலே இருந்தது. கேட்ட முதல் ஆள் பிரியந்தன்தான்.

"அண்ணை, இதில வழிச்சீராக்கி எண்டெல்லோ கிடக்கு. காத்து வளி இல்லை. போற வழி."

"எழுத்துப் பிழையடாப்பா. அவையளுக்கு விளங்கும். நீ எழுது."

சீராக்கியின் கொள்திறன் என்ன என்று கேட்டிருந்தார்கள். சின்னக் கேபினுக்கு முக்கால் தொன் போதும் என்று ஏ.சி. கடைக்காரர் சொல்லியிருந்தார். 'முக்கால் தொன்' என்று எழுதினான். வழி உள்வரும் பக்கம் என்ற இடத்தில் 'கடற்பக்கம்' என்றும், வழி வெளியேறும் பக்கம் என்ற இடத்தில் 'காலி வீதிப் பக்கம்' என்றும் நிரப்பினான்.

பத்தாம் நாள் அனுமதி வந்தது. அரசாங்கம் இவ்வளவு வேகமாக நடந்ததை நான் கண்டதில்லை. பெருமையோடு உறையைக் கிழித்து உரத்து வாசித்தேன்.

"கடற்கரை முதல் காலி வீதி வரையான வழியைச் செப்பனிடும் பொருட்டு, முக்கால் தொன் நிறையுடைய சீராக்கி இயந்திரமொன்றைத் தங்கள் படகில் பொருத்துவதற்கு இத்தால் அங்கீகாரம் அளிக்கப்படுகிறது."

அதாவது, தார் றோட்டு அமுக்குகிற றோலர்.

இருவரும் ஓடினோம். கையெழுத்து வைத்த அதிகாரி ராசிக், தமிழில் படித்தவர். எங்களைக் கண்டதும் அன்பாகக் கதிரை காட்டினார்.

"சேர், நாங்கள் கேட்டது ஏ.சி.," என்றான் பிரியந்தன்.

"தெரியும் தம்பி. வாசிச்ச ஒடனே வெளங்கிச்சு."

"பிறகேன் சேர் றோலருக்கு அனுமதி தந்தனீங்கள்?"

"ஃபோம்ல ஈக்கிறதுக்குத்தான் நான் குடுக்கலாம். மனசுல ஈக்கிறதுக்குக் குடுக்க ஏலாது."

"அந்த எழுத்தைத் திருத்தினால்?" என்றேன்.

"அரசாங்க வர்த்தமானியில வந்த எழுத்து. நான் திருத்தினா அது என்ட பிழையாகிடும். இப்ப அது யார்ட பிழையுமில்ல."

"அப்ப எனக்கு அனுமதியே வேண்டாம் சேர்."

"அனுமதி எடுத்துட்டு றோலரப் படகுல பூட்டாட்டி படகுட லைசன் ரத்து, தம்பி. இருபதாம் திகதி நானே வந்து பாப்பேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.

இருபதாம் திகதி காலை, நடைபாதை அமுக்கும் முக்கால் தொன் கைறோலர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆறு பேர் சேர்ந்து பலகை வைத்து உருட்டிப் படகில் ஏற்றினார்கள். படகு கொஞ்சம் யோசித்தது. பிறகு கால்வாயின் அடியில் போய் மெதுவாக உட்கார்ந்தது. ஆழமில்லாத இடம் என்பதால் கூரை வெளியே நின்றது. கேபினுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிரியந்தன் கரையில் குந்தி அழுதுவிட்டான்.

ராசிக் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்தார். அது போதவில்லை. ஆனாலும் உள்ளே இறங்கி, பதிவேட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி பரிசோதித்தார்.

"றோலர் ஈக்கி. சரி." சட்டென்று உடம்பைச் சிலிர்த்தார். "கேபினும் நல்ல குளிர். நீங்க கேட்டதும் கெடச்சிட்டே தம்பி!"

அப்போதுதான் அருந்ததி முழு அலங்காரத்தோடு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எட்டிப் பார்த்தாள். சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். பத்து நிமிடம் கழித்துப் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஐயோ, இப்பிடி ஒருத்தரும் எடுக்கேல்லை! கெதியா கமராவைக் கொண்டு வாங்கோ!"

மூழ்கிய படகு, அதில் றோலர், றோலரில் சாய்ந்தபடி மாப்பிள்ளை. கால்வாயின் மணம் படத்தில் வராது. 'மூழ்காத காதல்' என்று தலைப்பிட்டுப் போட்டார்கள். பதினொரு மச்சாள்மாரும் அன்றே திகதி குறித்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்துகூடப் படகுக்காரர்கள் றோலர் தேடத் தொடங்கினார்கள். திணைக்களத்தில் தமிழ்ப் படிவம் தீர்ந்து மறுபதிப்புக்குப் போனது. மொழிக் கொள்கை மாபெரும் வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் மன்றம் சும்மா இருக்குமா? பம்பலப்பிட்டியில் அவசரக் கூட்டம் கூட்டினோம். தமிழுக்கு நேர்ந்த அவமானத்தை எண்ணி இருவர் கண்கலங்கினார்கள். அந்த ஒரே ஓர் எழுத்தைத் திருத்தக் கோரி, அன்றைக்கே திணைக்களத்துக்குக் கடிதம் அனுப்புவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். அவசரமான விஷயம் பாருங்கள், ஆங்கிலத்தில் எழுதினேன்.