நிறம் மாறாத நாற்பத்திரண்டு

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.20. பூச்சிகள் நாற்பத்திரண்டு. கொண்டுவந்தவர் நிபோங் திபால் சாந்தினி. பினாங்கு பிஷப் வீதியில் ஒரு மாடியில் இயங்கும் உயிரின நிறப் பரவல் ஒழுங்கு வாரியத்தின் வருகைப் பதிவேடு இவ்வளவையும் பிழையின்றிச் சொல்கிறது. தொல்லை அதற்குப் பிறகுதான்.

சாந்தினிக்கு எண்ணெய் தரும் செம்பனை மரங்கள் முந்நூறு. ஓலையில் பைப்புழு விழுந்திருந்தது. தன்னைச் சுற்றிப் பை பின்னிக்கொண்டு தொங்கும் இந்தப் புழு, விட்டால் மரத்தை ஈர்க்குச்சியாக்கிவிடும். அதைக் குத்தி உறிஞ்சிக் கொல்வது கொலைகாரப் பூச்சி. டிசம்பரில் வாரியம் அவருக்கு நாற்பத்திரண்டு குஞ்சுகளை இரவலாகக் கொடுத்தது. மூன்று மாதம் கழித்து நேரில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது நிபந்தனை.

இதற்கிடையில் வாரியம் பளபளப்பான தாளில் ஒரு வரைபடம் அச்சிட்டது. பாலிக் புலாவில் மஞ்சள் பூச்சி, பாகான் டாலாமில் கறுப்பு, நிபோங் திபாலில் சிவப்பு. பூச்சிகளிடம் யாரும் கலந்தாலோசிக்கவில்லை. பாகான் டாலாமில் செம்பனையே கிடையாது, வீடுகள்தான் என்று ஒருவர் சொன்னார். அதற்குள் வரைபடத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

பரவல் அதிகாரி காசிவிஸ்வநாதன் சாந்தினியின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாங்க குடுத்தது சிவப்பு. இது கறுப்பு."

"அதே பூச்சிதான் சார். சின்னதுல சிவப்பு. தோல் உரிச்சுப் பெருசானா கறுப்பாயிடும் லா."

"யாரு பெர்மிஷன் குடுத்தா?"

"தோல் உரிக்கவா?"

"நிறம் மாத்த. பதினாலு நாளைக்கு முன்னாடி ஃபாரம் போட்டிருக்கணும். பழைய நிறத்துல ஒரு படம், புது நிறத்துல ஒரு படம்."

"புது நிறம் வர்றதுக்கு முன்னாடி புது நிறத்துல எப்படி சார் படம் எடுக்கிறது?"

"அதுக்குத்தான் பதினாலு நாள் குடுக்குறோம்."

வாரியத்தின் முடிவு வருமாறு: சிவப்பு நாற்பத்திரண்டு காணாமற்போயின. பாகான் டாலாமுக்கு உரிய கறுப்பு நாற்பத்திரண்டு சாந்தினியிடம் முறைகேடாக உள்ளன. அவை பறிமுதல் செய்யப்பட்டு உரிய இடத்தில் விடப்படும்.

"பூச்சிய எடுத்திட்டா என் மரம் போச்சு சார்."

"மரம் எங்க இலாகா இல்லம்மா."

சாந்தினி கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். பூச்சிகள் உரித்துப்போட்ட தோல்கள். அதே கால், அதே மீசை, அதே சிவப்பு. உள்ளே மட்டும் ஆளில்லை. எதற்கும் ஆதாரம் கேட்பார்கள் என்று ஓலை ஓலையாகத் தேடிப் பொறுக்கி வைத்திருந்தார்.

எழுத்தர் இக்மல் இடுக்கியால் எண்ணினார்.

"நாப்பத்திரண்டு, சார். எல்லாம் சிவப்பு. ஆனா செத்துப்போன மாதிரி இருக்கு."

"'மாதிரி'க்கு ரிஜிஸ்டர்ல கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நல்லாத்தான் இருக்கு. பதிஞ்சுக்க."

சாந்தினிக்குப் புரியவில்லை. "அப்ப இந்தக் கறுப்பு?"

"எந்தக் கறுப்பு? குடுத்தது நாப்பத்திரண்டு, வந்தது நாப்பத்திரண்டு. உங்க கையில ஒண்ணும் இல்லம்மா."

அந்த ஒன்றுமில்லாததைத் தூக்கிக்கொண்டு சாந்தினி ஊர் திரும்பப் பெர்ரிப் படகு ஏறினார்.

டின்னில் இருந்தவற்றை வாரியம் ஒரு மாதம் கண்காணித்தது. அவை தின்னவில்லை, ஓடவில்லை, எல்லை தாண்டவில்லை, நிறம் மாறவில்லை. இத்தகைய ஒழுக்கம் வாரிய ஊழியர்களிடம்கூடக் காணப்பட்டதில்லை என்று கோப்பில் குறிப்பு எழுதப்பட்டது. உயிருள்ள பூச்சி வழங்குவது நிறுத்தப்பட்டது. இனித் தோட்டத்துக்கு ஒரு தோல், கண்ணாடிக் குப்பியில், சட்டம் போட்ட சான்றிதழோடு. பாலிக் புலாவுக்குப் போனவற்றுக்கு மஞ்சள் சாயம் பூசினார்கள்.

தோட்டக்காரர்கள் குப்பியை வரவேற்பறையில் விளக்குப் போட்டு வைத்தார்கள். கல்யாண வீடுகளில், "உங்களுக்குக் குப்பி வந்துடுச்சா?" என்பதே முதல் விசாரிப்பாயிற்று. வராதவர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் தங்கராஜுவின் மரங்கள் பழுப்பாகத் தொடங்கின. சாந்தினியின் கறுப்புகளோ முட்டையிட்டுப் பெருகியிருந்தன.

"தம்பி, ஒரு பெட்டி பூச்சி தர்றேன், கொண்டுபோய் விடு. சும்மாதான்."

"சர்டிபிகேட் இருக்கா அக்கா?"

"புழுவத் திங்கும்."

"அது சரி. சர்டிபிகேட்?"

"இல்ல லா."

"அப்ப வேணாங்கக்கா. என்கிட்ட ஆபீஸ் பூச்சி இருக்கு."

"அது வெறும் தோலுடா!"

"உங்களுக்குக் குப்பி குடுக்கலன்னு பொறாமப்படாதீங்க அக்கா."

அக்டோபருக்குள் அந்த வட்டாரத்தில் பச்சையாக நின்றவை முந்நூறு மரங்கள் மட்டுமே.

2025 நவம்பர் 18 அன்று பதினேழு தோட்டக்காரர்கள் வாரியத்தில் கூட்டாகப் புகார் கொடுத்தார்கள்: சாந்தினி தன் தோட்டத்துப் புழுக்களைத் தங்கள் தோட்டங்களுக்கு விரட்டிவிட்டார். முதல் கையெழுத்து தங்கராஜுவுடையது. புகார் ஏற்றுக்கொள்ளப்பட்டது.