கோல்ஃப்காரருக்கு அமராவதிபுதூர் சொன்ன கருத்து

கோல்ஃப் மட்டையை நான் இன்று வரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கோல்ஃப் வீரரின் வாழ்க்கைப் படத்தைப் பற்றி அமராவதிபுதூர்க்காரர்கள் நாற்பது பேரிடம் கருத்துக் கேட்டவன் நான். அவர்கள் சொன்ன கருத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. படித்தது பொறியியல். பார்த்தது காரைக்குடி தியேட்டர் வாசல்களில் மைக்கோடு நின்று, வெளியே வருகிறவர்களிடம் “படம் எப்படிங்க?” என்று கேட்டு யூடியூபில் போடும் வேலை. (அதை வேலை என்று சொன்னவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.) என் சேனலைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் பங்காளிகள். மீதிப் பேர் அவர்கள் செல்போனைத் தெரியாமல் தட்டிவிட்ட குழந்தைகள்.

இந்த லட்சணத்தில் புதுவயலில் மீனாளைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆச்சரியமாக, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அரிசி ஆலை நடத்துகிறவர், எதையும் கையில் அள்ளிப் பார்த்துத்தான் நம்புவார்.

“மாப்பிள என்ன செய்யிறாக?”

“மக்கள் கருத்துக் கேக்குறேன் மாமா.”

“கேட்டு?”

“யூடியூபுல போடுவேன் மாமா” என்றேன். “மாசச் சம்பளம்னு ஒன்னு வரட்டும், அப்பறம் பேசிக்கிருவோம்” என்று சொல்லி வெற்றிலைத் தட்டை அங்குட்டுத் தள்ளி வைத்துவிட்டார்.

அந்த வாரமே சென்னையிலிருந்து போன் வந்தது. ஒரு படத்தின் விளம்பர வேலைகளைப் பார்க்கும் தினகர் என்பவர். “தமிழ்ல டப் பண்ணின கோல்ஃப் படம் பிரதர். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிஞ்சு வெளிய வர்றப்போ நாற்பது பேர் கருத்து எடுங்க. நாலு மணிக்குள்ள எனக்கு வந்துடணும். நல்லா வந்தா சிவகங்கை மாவட்டத்துக்கு நீங்கதான் நம்ம ஆள். மாசச் சம்பளம்.”

மாசச் சம்பளம் என்ற இரண்டு சொற்களுக்குப் பிறகு அவர் பேசிய எதுவும் என் காதில் விழவில்லை.

கோல்ஃப் படத்தின் முதல் காட்சிக்குக் காரைக்குடியில் தானாக யார் வருவார்கள்? அமராவதிபுதூரில் இருக்கும் என் பெரியம்மாவிடம் ஓடினேன். மகளிர் குழுத் தலைவி. அவர் கிளம்பினால் தெருவே கிளம்பும்.

“பொய்யும் புளுகுமா எடுத்து வச்சிருப்பாய்ங்க. நான் வரலடா.”

“பொய்யி இல்ல பெரியம்மா. நெசமா வாழ்ந்த மனுசன். போன வருசந்தான் போய்ச் சேந்தாரு.”

பெரியம்மாவின் முகம் மாறியது. “அடப்பாவமே. என்ன வயசு?”

“அம்பத்தி சொச்சம்.”

“சாகுற வயசா அது? வந்துருவோம். வராம இருந்தா நல்லாருக்காது.”

ஒரு சினிமாவுக்கு யாராவது இப்படிச் சம்மதிப்பார்களா என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற ஆளாக இருந்திருந்தால் மைக் ஏன் பிடிக்கப்போகிறேன்!

விஷயம் புதுவயலுக்கும் எட்டி, மீனாளின் அப்பாவே ஆலை வேனை அனுப்பினார். அது போதாதென்று தானும் வந்து தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையின் தொழிலை அள்ளிப் பார்க்க வந்திருக்கிறார் என்று புரிந்தது.

இடைவேளை வரை எல்லாம் அமோகமாகப் போனது. முறுக்கும் காப்பியுமாக நின்ற என் சனங்கள் கருத்துகளை வாரி இறைத்தார்கள்.

“இம்புட்டுப் புல்லு கெடக்கு, ஒரு ஆடு மாடு மேயுதாடா?”

“குழிய இன்னங்கொஞ்சம் அகலமா வெட்டுனா என்ன? அந்த மனுசன் எத்தன தடவதான் குனிஞ்சு குனிஞ்சு பாப்பாரு?”

“பையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போறாரே, அவரு மச்சினரா? மச்சினராத்தான் இருக்கணும். வேற யாரு இம்புட்டுத் தூரம் நடப்பா!”

ஒவ்வொன்றும் தங்கம். ஒன்றைக்கூட நான் பதிவு செய்யவில்லை. “எல்லாத்தையும் மனசுல வச்சுக்கங்க, முடிஞ்சு வெளிய வாறப்ப சொல்லுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி உள்ளே அனுப்பினேன். வெளியே வருகிற கூட்டம்தானே வேண்டும் என்றார் தினகர்! சொன்ன சொல் மாறாத மடையன் நான்.

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். அதனால் உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டது இது: கடைசிக் காட்சியில் அந்த வீரர் இறந்துபோகிறார். அதோடு விட்டார்களா? அவருடைய நிஜப் புகைப்படத்தை மாலையோடு திரை முழுக்கக் காட்டி, கீழே தோற்றம், மறைவு என்று தமிழில் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரேதான். நாற்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கதவு திறந்தது. முதலில் பெரியம்மா.

“பெரியம்மா, படம் எப்படி?”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அடுத்து வந்த அக்கா போனார். அதற்கடுத்த அத்தை மூக்கைச் சிந்திவிட்டுப் போனார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்துத் துக்க வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஒன்றும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். ஆண்களுக்கு இன்னொன்றும் உண்டு. செத்தவரின் பங்காளிகள் வாசலில் நின்று கை நீட்டுவார்கள். வந்தவர்கள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் தொட்டுவிட்டு நகர்வார்கள்.

வாசலில் கை நீட்டிக்கொண்டு நின்றவன் நான். கையில் மைக்.

ஆண்களில் முதலில் வந்த சித்தப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மைக்கை இரண்டு கையாலும் தொட்டார். தலைகுனிந்தபடி போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வரிசையாக அப்படியே. “ஏதாவது சொல்லுங்க மாமா! ஒரு வார்த்த! கெஞ்சிக் கேக்குறேன்!” என்று நான் அழாக்குறையாகக் கத்தக் கத்த, பாவம், பையனுக்கு ரொம்பத் துக்கம் போல என்று இன்னும் அழுத்தித் தொட்டார்கள். கடைசியாக மீனாளின் அப்பா வந்தார். மைக்கைத் தொட்டு, ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்து, போய்விட்டார்.

வேனில் ஏறிக் கெஞ்சினேன். “குளிக்காம என்னத்தடா பேசச் சொல்ற?” என்றார் பெரியம்மா. வேன் நேராக ஊருணிக்குப் போனது. தலை முழுகிவிட்டு வந்ததும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் படத்தைப் புகழ ஆரம்பித்தார்கள். ஈரச் சேலையோடு நிற்கிற பெண்களைப் படம் எடுத்தால் காலை உடைப்பார்கள் என்பதால் செல்போனைப் பையில் வைத்தேன். மணி நாலாகிவிட்டது.

வேறு வழியில்லாமல் தியேட்டர் வாசலில் எடுத்ததையே சென்னைக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தினகர் கூப்பிட்டார்.

“பிரதர், யாரும் எதுவும் பேசல. எல்லாரும் ஏன் மைக்கத் தொட்டுட்டுப் போறாங்க? இதென்ன, மைக் விளம்பரமா?”

வேலை போனது. மீனாளும் போனாள் என்று அன்று இரவு நான் சாப்பிடவில்லை. கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன்.

“மாமா, அந்தச் சம்பளம்…”

“சம்பளங் கெடக்கட்டும். முன்னப்பின்ன தெரியாத ஒரு மனுசனுக்கு வாசல்ல நின்னு கை நீட்டி, அந்த அழுக அழுதீகளே. எம் மகள நீங்க கைவிட மாட்டீக.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் எங்க வச்சு?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மீனாள் ஞாபகம் வந்தது. “அவுக ஊர்லயே வச்சு முடிச்சுட்டாகளாம் மாமா” என்றேன்.

இன்று நான் அவருடைய ஆலையில் மாசச் சம்பளக்காரன். அவருக்கு இன்னும் உண்மை தெரியாது. மீனாளுக்குத் தெரியும். அவள் மூலமாக எங்கள் ஆறு வயது மகளுக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே கோழிக் குழம்பு வைத்தேன். கரண்டியில் கொஞ்சம் அள்ளி மகளிடம் நீட்டி, “எப்படிடா இருக்கு?” என்று கேட்டேன். அவள் ருசி பார்த்தாள். கரண்டியை இரண்டு கையாலும் தொட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டாள்.