பத்து நிமிட நிதானம்

“மூச்சை மெதுவா வெளியே விடுங்க” என்று பயிற்சியாளர் அம்மையார் சொல்லி முடிக்கவில்லை, முன்வரிசையில் கண்மூடி அமர்ந்திருந்த தலைமைச் செவிலி, “விடாதே. அடக்கி முக்கு” என்றார்.

வேண்டுமென்று சொன்னதல்ல. பிரசவ அறையிலேயே காலந்தள்ளிய நாக்கு, பழக்க தோஷத்தில் முந்திக்கொண்டது. பின்வரிசைச் செவிலியரும் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, முகம் சிவக்க மூச்சை அடக்கினார்கள்.

பிரசவ வார்டில் வேலை செய்து நொந்தவர்களுக்கென்று நிர்வாகம் ஏற்பாடு செய்த மன அமைதிப் பயிற்சி அது. பயிற்சியாளரின் கருத்தைக் கேட்ட பிறகே நாளைய விடுப்பு முடிவாகும் என்று அறிவித்திருந்தார்கள். வெளியூரில் இருக்கும் தலைமைச் செவிலியின் மகளுக்கோ நாளை சிசேரியன். “ஊருக்கெல்லாம் பிரசவம் பாக்குறே, எனக்கு மட்டும் வரமாட்டியாம்மா?” என்று காலையில்தான் கேட்டிருந்தாள். ஆகவே, நிதானமே உருவாகக் காட்சி தருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் இப்படி.

மூச்சுப் பயிற்சி ஒத்துவரவில்லை என்று கண்ட அம்மையார், நெஞ்சில் கைவைத்து, நோயாளிகளிடம் பேசும் பரிவோடு தமக்குத் தாமே பேசிக்கொள்ளச் சொன்னார்.

தலைமைச் செவிலி கண்ணை மூடினார். தமக்குத் தெரிந்த பரிவையெல்லாம் குரலில் திரட்டினார்.

“கத்தாதேம்மா. தலை தெரியுது. இன்னும் ஒரே ஒரு முக்கு.”

வாசலைக் கடந்துகொண்டிருந்த புது டாக்டர் காதில் இது விழுந்ததுதான் தாமதம். கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அறையில் சீருடை அணியாதவர் பயிற்சியாளர் ஒருவரே. டாக்டர் அவரைத் தோளைப் பிடித்து மேசைமேல் சாய்த்தார்.

“படுங்கம்மா, பயப்படாதீங்க. எத்தனையாவது குழந்தை?”

அம்மையார் போட்ட கூச்சலில் அடுத்த அறைக் குழந்தைகளெல்லாம் விழித்துக்கொண்டன. விடுப்பு கைநழுவுவதைக் கண்ட தலைமைச் செவிலி, டாக்டரை ஓரமாக உட்காரவைத்தார். அம்மையாரின் கையைப் பற்றி, முதுகைத் தடவி, தண்ணீர் புகட்டி, “ஒண்ணுமில்லம்மா, நான் இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் விசும்பல் அடங்கியது.

“நானே ஆடிப்போயிட்டேன். உங்களை மாதிரி நிதானமானவங்களை நான் பார்த்ததே இல்லை. இதை ஆபீஸ்ல கண்டிப்பா சொல்றேன்” என்றார் அம்மையார்.

சொன்னபடியே போய்ச் சொன்னார். தலைமைச் செவிலி மகளைத் தொலைபேசியில் அழைத்து, இரவு வண்டிக்கே கிளம்புவதாகத் தெரிவித்தார். பையை எடுத்துக்கொண்டு திரும்பினால், அலுவலகப் பியூன் நின்றிருந்தார்.

“பதற்றமா இருக்கிறவங்களுக்குத்தான் சிஸ்டர் லீவு, நீங்க ரொம்ப நிதானமா இருக்கீங்களாமே, அதனால நாளைக்கு அவங்க டியூட்டியையும் உங்களையே பார்க்கச் சொன்னாங்க.”