சுப்புணி முயலின் சிவந்த பல்

ஒரு காட்டில், காலை ஏழரை மணிக்கு, பதினொரு முயல்கள் வரிசையில் நின்றன. கடைசியாக நின்றது சுப்புணி. மஞ்சிட்டி வேரை ஆராயும் ஆமை டாக்டர் அம்மாள், அதைத் தின்ன முன்வரும் முயலுக்குத் தினம் ஒரு கட்டு அருகம்புல் தருவதாகச் சொல்லியிருந்தார். படிவத்தைப் படித்துப் பார்த்த பத்து முயல்கள் வீட்டுக்குப் போய்விட்டன. சுப்புணிக்குப் படிக்கத் தெரியாது. கால் ரேகை வைத்தது.

"இதைத் தின்னா என்னம்மா ஆகும்?"

"வேரில் ஒரு சிவப்புச் சத்து இருக்கு. சுண்ணாம்பைக் கண்டா விடாது. உனக்குப் பல் நிக்காம வளருதே, அதுல படியும். எலும்புலயும் படியணும்."

"எலும்பை எப்படிப் பார்ப்பீங்க?"

"அதுக்கு அனுமதி கிடைக்கலை" என்றார் ஆமை, வருத்தத்தோடு.

மூன்று மாதத்தில் சுப்புணியின் பல் மாதுளை முத்தாகிவிட்டது. அந்த வாரம் ஒரு கௌதாரி காணாமல் போனது. ஏட்டு நரி வாயைத் துடைத்துக்கொண்டு விசாரணைக்கு வந்தது.

"வாயைத் திற. அடப்பாவி, தின்ன வாயைக் கழுவக்கூடத் தோணலையா?"

"ஐயா, இது வேர்ச் சாயம். டாக்டரம்மாவையே கேளுங்க."

ஆமை பதிவேட்டைப் புரட்டினார். "இங்கே மாதிரி எண் ஒன்று என்றுதான் இருக்கு. பெயரைச் சொல்வது ஆராய்ச்சி நெறிக்கு விரோதம்."

"அம்மா, நான்தானே அந்த ஒண்ணு!"

"அதை நீ சொல்லலாம்ப்பா. நான் சொல்லக் கூடாது."

ஊன் தின்ற முயலை ஆற்றின் அக்கரைக்கு விரட்டிவிடுவது அக்காட்டு வழக்கம். சுப்புணி விடவில்லை, நியாயம் வேண்டும் என்று சிறுத்தை நீதிபதியிடம் முறையிட்டது.

"ரத்தம் பல்லோடு நிற்கும். சாயம்?" என்றது சிறுத்தை.

ஆமை அன்றுதான் கழுத்தை முழுதாக வெளியே நீட்டினார். "எலும்பு வரை போகும், ஐயா. தாங்கள் உத்தரவிட்டால் தனி அனுமதி தேவையில்லை."

சுப்புணிக்கு விஷயம் புரிந்தது. "ஐயா, நான்தான் தின்னேன்! இறகோட தின்னேன்! அக்கரைக்கே போயிடறேன்!"

"பயத்தில் தந்த வாக்குமூலம் செல்லாது" என்றது சிறுத்தை. நியாயம் தவறாத நீதிபதி.

எலும்புகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. சதை ஆதாரமல்ல என்பதால் கோப்பில் சேர்க்கப்படவில்லை.

பங்குனி பதினான்காம் தேதி தீர்ப்பு வந்தது. எலும்பு முழுக்கச் சிவப்பு. சுப்புணி குற்றமற்றது என விடுதலை செய்யப்பட்டது. தீர்ப்பு நகலை வாங்க யாரும் வரவில்லை.

நீதி: செய்யாத குற்றமானாலும் ஏட்டிடமே ஒப்புக்கொண்டுவிடு, நீதிபதி வரை போனால் நிரபராதி ஆக்கிவிடுவார்கள்.