ஆளுக்கு ஒரு வரி

பென்னலூர்,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய பேச்சிராஜ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் வனமாமலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும் அக்காவும் மளிகைக் கடையும் நலம்தானே? "கம்பெனி வேலையத்தான் விட்டாச்சே, இன்னும் அங்கன என்னலே சோலி? வந்து கடையில இரி" என்று போனில் திட்டினீர்கள். போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவீர்கள் என்பதால்தான் இந்தக் கடிதம். நான் வரமாட்டேன்.

இங்கே இளைஞர் மன்றத்தில் மாலைதோறும் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறேன். ஆறாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பக்கம் படிக்கத் தெரியாத பிள்ளைகள். ஒரகடம் கார் கம்பெனியில், ஆளுக்கு ஒரு பாகம் மாட்டித் தள்ளும் லைனுக்கு லீடராக இருந்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று, அங்கே போலவே ஆளுக்கு ஓர் இடம், அதற்கு 'ஸ்டேஷன்' என்று பேர் வைத்து, பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து, பாடத்தில் ஆளுக்கு ஒரு வரி பிரித்துக் கொடுத்தேன். அவரவர் வரியை முடித்ததும் புத்தகம் அடுத்த ஆளுக்குப் போகும். அத்தான், ஒரே மாதத்தில் பக்கம் பறந்தது! போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்குக் கம்பெனிச் சட்டையோடு வந்த அப்பாக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "எங்க லைனே இவ்ளோ ஸ்மூத்தா ஓடாது சார்" என்றார் ஒருவர். அதோடு விட்டார்களா? மன்றச் செயலாளர் பரசுராமன் எங்கள் அறையைக் கேரம் ஆடக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருப்பவர். அவர் பிள்ளைகளில் கனிஷ்கா என்பவளை எழுப்பி, முழுப் பக்கத்தையும் தனியாகப் படிக்கச் சொன்னார். அவள் தன் வரியை மட்டும் கணீரென்று படித்துவிட்டு, புத்தகத்தை அடுத்த பையன் ஜெபர்சன் பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, மீதி?"

"அது என் ஸ்டேஷன் இல்ல சார்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிரே போய்விட்டது. நாளை ஞாயிறு, ஒரு பிள்ளையாவது புதுப் பக்கம் ஒன்றை எவர் உதவியும் இல்லாமல் படித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அறை கேரமுக்கு என்று பரசுராமன் கெடு வைத்துவிட்டார். லைனைக் கலைத்துவிட்டேன் அத்தான். இப்போது ஒரு பிள்ளை ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் நான் ஒரு கியர் பாக்ஸ் மாட்டிவிடலாம். அவர்கள் திணறினால் என் வாய் முந்திக்கொண்டு சொல்லைச் சொல்லிவிடுகிறது, இந்த வாயை என்ன செய்வதென்றே தெரியவில்லை. இவர்களுக்கு அப்பா செகண்ட் ஷிஃப்ட், அம்மா கேன்டீன் வேலை, வீடு ஒற்றை அறை. இந்த மன்றமும் போனால் இந்தப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள்? நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது, அதை அக்காவிடம் சொல்லாதீர்கள்.

ஒன்று மட்டும் உறுதி. நாளை நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கிறேன். நம் சாஸ்தா மேல் சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம், மருமக்களுக்கு என் ஆசி. உங்கள் கடை செழிக்கட்டும், என்னைவிடக் கெட்டிக்கார ஆள் உங்களுக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
வனமாமலை

பி.கு.: இது ஞாயிறு மாலை எழுதுவது. பரசுராமன் கேரம் பவுடர் டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கனிஷ்கா பாதிப் பக்கத்தில் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். நிற்கிறாள், நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள். என் வாய் திறந்துவிட்டது அத்தான், அந்தச் சொல்லைக் கத்தியே விட்டேன். பரசுராமன் டப்பா மூடியைத் திருகினார். அவள் திரும்பி என்னை முறைத்தாள். "நீ சும்மா இரு சார். நான்தான் படிச்சிக்கினு கீறேன்ல?" என்றவள், அந்தப் பக்கமே வேண்டாம் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே படித்து முடித்தாள். அறை எங்களுக்குத்தான். சத்தியப்படி நான் இப்போது பஸ்ஸில் இருக்க வேண்டும். இல்லை. சாஸ்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அக்காவிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.