மூன்று பெண்கள் வீட்டில் நான் வீசிய மூன்று பைகள்

அன்று பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அந்த வீட்டில் இருந்தவர்கள்: ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சவரிமுத்து அங்கிள், அவர் மனைவி, அவர்களுடைய மூன்று பெண்கள் ரீத்தா, ஸ்டெல்லா, ஜெசிந்தா, எங்கள் மாதா கோயில் கேரல் பாட்டுக் குழுவினர் ஒன்பது பேர், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆன்டி. அப்புறம், கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் வியர்த்துக்கொண்டிருந்த நான். இத்தனை சாட்சிகள் இருப்பதால் எதையும் மறுக்க வழியில்லை.

நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கிள்ளானில் டயர் கடையில் வேலை. ரீத்தா ஆசிரியை. இரண்டு வருடப் பழக்கம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் என் அம்மா பெண் கேட்டுப் போவதாக ஏற்பாடு. அங்கிளுக்கு விஷயம் அரசல்புரசலாகத் தெரியும். "பையன் நல்லவன்தான், ஆனா படிப்பு இல்லையே" என்றாராம். மூன்று வாரம் என் தூக்கத்தைக் கெடுக்க அந்த ஒரு வரி போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் குழுவினர் தாத்தா வேடத்தை என் தலையில் கட்டினார்கள் (தகுதி: தொப்பை). அங்கிள் எல்லார் முன்னாலும் "தாத்தா எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டால்? பயத்தில் கைப்பேசியில் தேடிப் படித்தேன். பனி, மான் வண்டி எல்லாம் பிற்காலத்துச் சேர்க்கையாம். அசல் ஆள் நிக்கோலாஸ் என்ற ஆயர் (பிஷப்), இன்றைய துருக்கிப் பக்கம். அங்கே ஓர் ஏழை அப்பா. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்கக் காசில்லை. ஆயர் யாருக்கும் தெரியாமல், பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில், ஜன்னல் வழியாகத் தங்கக்காசுப் பை வீசினாராம்.

மூன்று பெண்கள்! அங்கிள் வீட்டிலும் மூன்று! என் மூளை அந்த எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டது. மிச்சக் கதையை அது கவனிக்கவே இல்லை.

தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகளை மூன்று துணிப்பைகளில் கட்டினேன். கனம் இல்லாவிட்டால் பை ஜன்னலை எட்டுமோ எட்டாதோ என்ற கவலையில், ஒவ்வொன்றிலும் இரண்டு கார் சக்கர நட்டுகளையும் போட்டேன்.

மாலை ஏழு மணி. குழு வாசலில் பாட, நான் நழுவிப் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனேன். முதல் பை கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே அழகாக நுழைந்தது. இரண்டாவது ஒரு பட்டையை உடைத்துக்கொண்டு போனது. மூன்றாவது கிறிஸ்துமஸ் குடிலில் விழுந்து ஒரு பொம்மை ஒட்டகத்தைச் சாய்த்தது.

பாட்டு நின்றது. அங்கிள் ஓடி வந்தார்.

"யாருடா கல்லெறியிறது?"

"கல்லு இல்ல அங்கிள், தங்கம். இதுதான் தாத்தாவோட ஒரிஜினல் கதை." படித்ததைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தோன்றியது. "ஒரு ஏழை அப்பா. மூணு பொண்ணுங்க. கட்டிக்கொடுக்க வக்கில்ல. ரொம்ப மோசமான நெலம..."

பக்கத்து வீட்டு ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ரீத்தா தலையை ஆட்டினாள். உருகிவிட்டாள் என்று நினைத்து, அந்த அப்பாவின் வறுமையை இன்னும் கொஞ்சம் விவரித்தேன்.

"யாருக்குடா வக்கில்ல?"

"துருக்கியில அங்கிள்! ரொம்ப காலத்துக்கு முன்னாடி!"

"இங்க மூணு பொண்ணு இருக்கிற வீடு எதுடா?"

அப்போதுதான் விளங்கியது. பயம் வந்தால் எனக்கு உண்மை தானாகக் கொட்டிவிடும். "காசெல்லாம் வேணாம் அங்கிள், ரீத்தாவ மட்டும் எனக்குக் குடுத்தா போதும். அம்மா அடுத்த வாரம் கேக்க வராங்க."

கடைக்குட்டி ஜெசிந்தாதான் வாயைத் திறந்தாள். "அப்பா, ஒரு பை செட்டில் ஆயிருச்சு லா. இன்னும் ரெண்டுதான்!"

அங்கிள் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து அவிழ்த்தார். நட்டு ஒன்று உள்ளங்கையில் உருண்டது. "இது என்னா?"

"வெயிட்டுக்கு, அங்கிள்."

அவர் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன், சிரிப்பு. "படிச்சிட்டுத்தான் வந்திருக்க. அதையும் பாதியில விட்டுட்ட. உள்ள வா, மொதல்ல கண்ணாடியக் கூட்டு."

கூட்டினேன். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். இப்போது கிறிஸ்துமஸ்தோறும் என் பிள்ளைகளுக்கு ஆயர் கதையை மாமனார்தான் சொல்கிறார். அவர் சொல்லும் கதையில் ஆயருக்குக் கிள்ளானில் டயர் கடை இருக்கிறது. பிள்ளைகள் அதை உண்மை என்றே நம்புகிறார்கள்.

பரிசு கொடுக்கப் போய்க் கடன்காரனாகத் திரும்பிய தாத்தா உலகத்திலேயே நான் ஒருவன்தான். கண்ணாடிக் காசைப் பலமுறை நீட்டிவிட்டேன். மாமனார் தொடுவதே இல்லை. "வாங்கிட்டா அப்புறம் வருசா வருசம் நான் எதைச் சொல்லிக் காட்டுறது?" என்கிறார்.

பாக்கி: பதினெட்டு வெள்ளி.