பட்டியலில் சாமித்தம்பி

"கடல் கொண்டுபோன ஆக்கள்ற பட்டியல்ல நம்மட சாமித்தம்பியண்ணன்ட பேரும் இரிக்கி," என்றாள் புஸ்பம். "காலையில அவருக்கிட்டதான் நான் இறால் வாங்கின."

ஜெயந்தன் கணினித் திரையை எட்டிப் பார்த்தான். இருந்தது. சாமித்தம்பியின் மனைவி சுனாமியில் போனவள். அவளுடைய படிவத்திலிருந்த புருசன் பேரையும் சேர்த்துத் தட்டிவிட்டோமாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம். ஊருக்கென்று ஓர் இணையத்தளம் அமைக்க, ஆறு மாதமாக ஊர்க்காரரோடு பொதுமண்டபத்தில் இருந்து திட்டம் போட்டவன் அவன். மீன் விலைக்கு ஒரு பக்கம், வெள்ளம் கடலுக்கு வடிய ஆற்றுவாய் வெட்டும் நாளுக்கு ஒரு பக்கம் என்று எல்லாவற்றுக்கும் சண்டை நடந்தது. முதல் பக்கத்தில் சுனாமியில் போனவர்களின் பெயர்கள் என்பதற்கு மட்டும் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. வீடு வீடாகப் படிவம் வாங்கி எண்பத்தேழு பெயர் சேர்ந்தது. அதில் ஒன்று ஜெயந்தனுடைய அக்காவின் பெயர்.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பட்டியல் பிழையெண்டா மாதர் சங்கம் கையெழுத்து வைக்காது," என்றாள் சங்கத் தலைவியான புஸ்பம்.

"இதென்ன அக்கா பெரிய வேலை?" ஜெயந்தன் பெயரை அழித்தான்.

ஒரு பெயர் குறைந்த கதை பரவி, அரை மணித்தியாலத்தில் மண்டபம் நிறைந்தது.

"நேத்து எண்பத்தேழு. இண்டைக்கு எண்பத்தாறு. ஆர்ர புள்ளைய நீ தூக்கின?"

ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுப் பெயரைத் தேடிக் காட்ட வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் போகவில்லை. "இன்னொருக்கா காட்டு மனே," என்று திரும்ப வரிசையில் நின்றார்கள்.

ஜெயந்தன் யோசித்தான். சாமித்தம்பியின் பெயரைத் திரும்பப் போட்டு, பக்கத்தில் 'உயிரோடு இருக்கிறார்' என்று எழுதினான். தன் கெட்டித்தனத்தில் அவனுக்கே ஒரு சந்தோசம்.

அது ஒரு தேத்தண்ணி ஆறும் வரைதான் இருந்தது. பூரணவதி வந்தாள்.

"எண்ட மகனுக்கும் அப்பிடி எழுது."

"மாமி, அவன்..."

"அவன்ட உடம்பக் கண்டயா நீ?"

அவன் காணவில்லை. ஒருவரும் காணவில்லை. எழுதினான்.

பிறகு, அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பொழுதுபடுவதற்குள் பதினாலு பேர் உயிரோடு வந்துவிட்டார்கள்.

"இப்பிடியே போனா வெள்ளிக்கிழமைக்கிடையில ஊருல ஒருத்தரும் சாகயில்ல எண்டு வந்திரும்," என்று புஸ்பம் சத்தம் போட்டாள்.

"வந்தா நல்லந்தானே அக்கா," என்றான் ஜெயந்தன்.

புஸ்பம் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை ஊர்க்கூட்டம். பட்டியலையே எடுத்துவிடுவோம் என்றான் ஜெயந்தன்.

"மறுகா என்னத்துக்கு ஆறு மாசம் எங்களக் கூப்பிட்டு வெச்சிருந்த? மீன் விலை பாக்கவா? அத நாங்க மீனவனுக்கிட்டயே கேப்பம்!" என்று கூட்டம் கத்தியது.

எடுப்போம் என்று சொன்ன ஜெயந்தனுக்கும் மனமில்லை. அழிக்கும் பொத்தானுக்குப் போன விரல், அக்காவின் பெயரைக் கண்டதும் திரும்பி வந்துவிட்டது.

புஸ்பம் படிவப் பெட்டியை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு தாளை உயர்த்திப் பிடித்தாள். தட்டச்சுப் பிழை இல்லை. சாமித்தம்பியின் பேரில் தனியாகவே ஒரு படிவம்.

"எந்த விசரன் இது? உசிரோட இரிக்கிற மனிசன்ட பேர எழுதிக் குடுத்து, ஊரையே அழ வெச்சவன் ஆரெண்டாலும் முன்னுக்கு வா!"

கடைசி வரிசையில் சாமித்தம்பி மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு எழும்பினார்.

"நான்தான் புள்ள குடுத்த. எண்ட மனிசிக்கு ஒரு இடமும் தனியப் போய்ப் பழக்கமில்ல."